ஏழாம் நம்பர் விளக்கு

காலை 10.35.

கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. நடுத்தட்டில் விரித்த நீல வெல்வெட் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் நிற்க வேண்டிய எஞ்சினைத்தான் காணோம்.

சாலிடரக்கா ஒரு தடவை பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு, வேலை மேஜை, மேஜைக்கு அடியில், கடைசியில் குப்பைக்கூடை. கூடையில் அவள் உரித்துப் போட்ட ஒயர் தோல்தான் கிடந்தது.

"போச்சு! தலையில கல்லைப் போட்டுட்டாங்களே!" என்றாள், யாரும் இல்லாத அறையைப் பார்த்து.

போனது சாதாரணச் சாமான் இல்லை. டிரைவரய்யா பதினோரு வருஷம் உட்கார்ந்து பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, ஆணி ஆணியாக அடித்துச் செய்த நீராவி எஞ்சின். நிஜ ரயிலில் அவர் முதன்முதலில் ஓட்டிய வண்டியின் அச்சு அசல். முழ நீளம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பக்கவாட்டில் 2736 என்று நம்பர். மாடல் ரயில் சங்கத்தில் மற்ற பழைய எஞ்சின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாறியபோதும் மனிதர் மூன்று வருஷம் பிடிகொடுக்கவில்லை. போன மாதம் அவரே அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"கை நடுங்குதும்மா. பழைய திருகைத் திருப்பினா வண்டி குதிக்குது. உன் முறையில பொத்தானைத் தொட்டாலே பூப்போல கிளம்புமாமே? செய். ஆனா உயிரோட திருப்பிக் கொடு."

"கண்காட்சியில முதல் வண்டி உங்களோடதுதான் ஐயா. பன்னிரண்டு மணிக்கு நீங்களே ஓட்டுவீங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இன்னும் எண்பத்தைந்து நிமிஷம் இருந்தது.

பழைய எஞ்சினை டிஜிட்டலாக்குவது வயிற்றைக் கிழித்துச் செய்கிற வேலை. பழைய முறையில் தண்டவாளத்தில் ஓடும் கரண்டுதான் கட்டளை. கரண்ட் வந்தால் அந்தத் துண்டுப் பாதையில் நிற்கிற எஞ்சின் எதுவானாலும் ஓடும். அதை நிறுத்தி வைக்க வேண்டுமானால் அது நிற்கிற துண்டுக்குப் போகும் கரண்டை சுவிட்ச் தட்டி நிறுத்த வேண்டும். புது முறையில் பாதை முழுக்க எந்நேரமும் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் விரல்நகம் அளவுக்கு ஒரு டிகோடர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோலரில் அதன் நம்பரைப் போட்டுக் கூப்பிட்டால் எழுந்து ஓடும். கூப்பிடும் வரை மூச்சுக்கூட விடாது.

2736-இல் மோட்டாரின் ஒரு முனை எஞ்சின் உடம்போடு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கொடுக்காமல் டிகோடரை வைத்தால் ஒரே நொடியில் புகைந்துவிடும். சாலிடரக்காவுக்குத் தொழில் காது மிஷின் ரிப்பேர். கடுகளவு சாமானையும் சாலிடர் வைத்து ஒட்டிப் பழகிய கை; அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கை அசராமல் வேலை பார்த்து, கரிப்பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரையும் வைத்து முடித்தது. இன்று காலை 9.10-க்கு மேஜைமேல் இருந்த துண்டுத் தண்டவாளத்தில் கூப்பிட்டுப் பார்த்தாள். 2736 விசிலடித்துவிட்டு அடக்கமாக நகர்ந்தது. "சமர்த்து" என்று தட்டிக்கொடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கடிகாரத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அந்த ஆணி சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

10.05-க்கு, வாசலை ஒட்டிய முன்ஹாலில் மைக் கரகரக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனாள். அரைமணி கழித்து வந்தால் இந்தக் கோலம்.

10.41. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய நாத்தனார். பார்வையாளர் பெயர் எழுதும் நோட்டுக்குக் காவல். அவள் கண்ணில் மண்ணைத் தூவுவது கல்யாண வீட்டிலேயே நடக்காத காரியம்.

"பத்து மணியிலேர்ந்து வெளிய யார் போனா?"

"ஒரு ஈ காக்கா போகல அண்ணி. ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பின்வாசல்?"

"பூட்டி, சாவி என் இடுப்புல இருக்கு. பல் டாக்டர் மட்டும் போன்ல பேச வாசப்படி வரைக்கும் வந்தாரு. என் கண்ணு முன்னாலதான் நின்னாரு. பத்து நிமிஷம் அவர் வீட்டுக்காரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு, பாவம்."

"கையில பை இருந்ததா?"

"கையில கைக்குட்டைதான் இருந்தது. வேர்வை துடைச்சுக்கிட்டே இருந்தாரு."

"சரி. இனிமே யாரும் வெளிய போகக் கூடாது. பன்னிரண்டு வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது."

"டிரைவரய்யா வந்தா?"

சாலிடரக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "அவரை மட்டும் விடு" என்றாள்.

10.48. உள் ஹால் நிறைய மாடல் பாதை. ஸ்டேஷன், பாலம், யார்டு, கோடியில் ஆளுயர மலை ஒன்று, அதற்குள் சுரங்கங்கள். பாதையைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். 2736-ஐ வரவேற்பறையில் வைத்துக்கொள்ளத் தரச் சொல்லி டிரைவரய்யாவிடம் மூன்று முறை கேட்டு மூன்று முறையும் மூக்குடைபட்டவர்.

மலைக்காரர். காகிதக் கூழில் அந்த மலையைக் கட்டியவர். சுரங்க வாய் குறுகல் என்று டிரைவரய்யா ஒருமுறை சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. காலை எட்டரையிலிருந்து மலையின் முதுகுப்பக்கத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்ததில் கை, சட்டை, காதுமடல் எல்லாம் ஒரே பச்சை.

கார்டு அண்ணன். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; டிரைவரய்யாவும் அவரும் பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாகப் போனவர்கள். பாதையின் பழைய மின்சார வேலை முழுக்க அவருடையது. சுவரோரம் நிற்கும் பெரிய பலகையில் நாற்பத்திரண்டு சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மகள் பிரசவத்துக்காக வெளியூர் போய் ஏழு மாதம் கழித்துப் போன வாரம்தான் வந்திருந்தார். அவர் இல்லாத ஏழு மாதத்தில் சங்கத்தார் அந்தப் பலகை விஷயமாக ஒரு முடிவெடுத்திருந்தார்கள். அதை அவரிடம் சொல்கிற தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை. வழக்கமான கறுப்புக் கோட்டில் விறைப்பாக நின்றார். முழங்கையில் ஒரு பச்சைத் தீற்று. மூவரில் பச்சை படாமல் தப்பித்தவர் டாக்டர் ஒருவர்தான்.

"2736 காணோம்" என்றாள் சாலிடரக்கா.

டாக்டரின் வாய், அவரிடம் வருகிற நோயாளிகளுடையதுபோல் திறந்தது. மலைக்காரர், "ஐயோ!" என்றார். கார்டு அண்ணன் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே சொன்னேன். நல்லா ஓடுற எஞ்சின் வயித்துல கையை விடாதீங்கன்னேன். சிப்பை வெச்சு எரிச்சுட்டு, இப்போ காணோம்னு நாடகமா?"

"காலையில ஓட்டிப் பார்த்தேன் அண்ணே."

"யார் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. பன்னிரண்டுக்குள்ள கிடைக்கலேன்னா போலீஸுக்குச் சொல்லணும். அதுவரைக்கும் வேலை மேஜைச் சாவியை நீ கொடுத்துடறதுதான் முறை."

"பன்னிரண்டுக்குக் கேளுங்க, கொடுக்கறேன். இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க."

ஓவென்று அழுதிருக்கலாம். அழுதால் அரைமணி போய்விடும் என்று அதைத் தள்ளி வைத்தாள்.

10.55. ஒவ்வொருவராகக் கேட்டாள். டாக்டர் முதலில்.

"பத்து அஞ்சிலேர்ந்து எங்க இருந்தீங்க?"

"உன்கூட மைக்ல. அப்புறம் வாசல்ல போன். அப்புறம் மறுபடி மைக்."

நாத்தனார் சொன்னதும் அதுதான்.

மலைக்காரர் அடுத்து.

"மலைக்குப் பின்னால. பெயின்ட் தீர்ந்ததும் கலக்கறதுக்குக் குழாயடிக்குப் போனேன். கால்மணி இருக்கும்."

"அப்போ மலைகிட்ட யார் இருந்தா?"

"எனக்குத் தெரியாது. கார்டு அண்ணன் சுவிட்ச் போர்டுகிட்ட இருந்தார்."

"சுரங்கத்துக்குள்ள பார்த்தீங்களா?"

"இப்பதான் டார்ச் அடிச்சேன். வாய்க்குள்ள தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்ல. என் மலையைச் சந்தேகப்படாதம்மா, புண்ணியமாப் போகும்."

கடைசியாகக் கார்டு அண்ணன்.

"போர்டை விட்டு ஒரு அடி நகரல. கண்காட்சி அன்னிக்குக் கார்டு தன் இடத்தை விடுவானா?"

"யாராவது அலமாரிப் பக்கம் போனாங்களா?"

"என் கண்ணு போர்டு மேலதான் இருந்தது."

11.10. சாலிடரக்கா அலமாரிக்கு முன்னால் மறுபடி வந்து நின்றாள். வெல்வெட் துணியைத் தொட்டாள். 2736-இன் பக்கங்களில் ஓடும் கைப்பிடிக் கம்பிகள் தலைமுடி கனம். அதை வெறுமனே ஒரு பைக்குள் போடுகிறவன் மாடல் ரயிலைக் கண்ணால் பார்த்திராதவனாகத்தான் இருக்க வேண்டும். சங்கத்து ஆள் என்றால் பக்கத்திலேயே கிடக்கும் துணியைச் சுற்றித்தான் எடுத்துப் போவான். துணி அப்படியே இருக்கிறது. அப்படியானால் எடுத்தவன் பையில் போடவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்ச தூரம் நடந்து, எங்கேயோ வைத்திருக்கிறான்.

எங்கே?

11.18. ஹாலின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். ஸ்டேஷன், பாலம், யார்டு, மலை, சுவர், பலகை.

பலகையில் கண் நின்றது. காலையில் ஹாலைத் திறந்தபோது நாற்பத்திரண்டு விளக்கும் எரிந்தன, துடைத்தவளே அவள்தான். இப்போது நாற்பத்தொன்று எரிந்தது. முதல் வரிசையில் ஏழாவது அணைந்திருந்தது. விளக்கு பழுதில்லை, சுவிட்சே கீழ்நோக்கி இருந்தது.

ஏழாம் நம்பர் என்பது மலைக்குள் வளைந்துபோய் முடிகிற கிளைப்பாதை. வளைவுக்கு அப்பால் டார்ச் வெளிச்சம் எட்டாது. மலையின் முதுகில் ஒரு பலகைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் கை எட்டும்.

அவள் கால் தானாக மலையை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. பிறகு நின்றுவிட்டாள். இப்போது கதவைத் திறந்தால் எஞ்சின் கிடைக்கும். ஆனால் மலை யாருடையது? கதவு யாருடையது? டிரைவரய்யாவோடு பேச்சு வார்த்தை இல்லாதவர் யார்? மலைக்காரர் தலைதான் உருளும். இல்லாவிட்டால், எரிந்துபோனதை அவளே ஒளித்து வைத்து அவளே எடுத்தாள் என்பார்கள். அவளுக்கு எஞ்சினும் வேண்டும், ஆளும் வேண்டும்.

11.25. மலைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏழாம் சுவிட்சை அணைச்சா ஏழாம் பாதையில கரண்ட் இருக்குமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னம்மா தெரியாத மாதிரி கேக்கறே? மூணு மாசம் முன்னாடி அந்த ஒயர்க்கட்டை அறுத்தது நானும் நீயும்தானே? இப்ப பாதை முழுக்க ஒரே கரண்ட். அந்த போர்டு சும்மா விளக்கெரியுது."

டாக்டரிடம் அதே கேள்வி.

"அது பொம்மைம்மா! அவர் மனசு நோகக் கூடாதுன்னு விளக்குக்கு மட்டும் தனியா ஒயர் கொடுக்கச் சொன்னதே நான்தானே. மெதுவாப் பேசு, அவர் காதுல விழப்போகுது."

கார்டு அண்ணனிடம் அதே கேள்வி.

அவர் பலகையை வாஞ்சையோடு பார்த்தார். "ஏழை அணைச்சா அங்க எறும்புக்குக்கூட கரண்ட் கிடைக்காது. நான் போட்ட ஒயர். ஏன் கேக்கறே?"

"கரகரன்னு ஏதோ சத்தம் வந்தது. அதான்."

11.40. கன்ட்ரோலரில் பாதை பிரியும் இடத்தை ஏழாம் கிளைக்குத் திருப்பி வைத்தாள். ஒரு விஷயம் மட்டும் அவள் கையில் இல்லை. உள்ளே எஞ்சின் நிற்கிறதா, படுத்துக் கிடக்கிறதா? சக்கரம் தண்டவாளத்தில் படாவிட்டால் அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அது வாய் திறக்காது. ஒளித்து வைத்தவரின் கை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பார்த்தாள். வைத்த கை ரயில்வேக் கை. அது எஞ்சினைத் தண்டவாளத்தில்தான் வைக்கும், வேறெப்படியும் வைக்கத் தெரியாது. நம்பலாம் என்று முடிவு செய்தாள்.

11.52. டிரைவரய்யா வந்தார். வெள்ளைச் சட்டை, வழித்த முகம், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருந்தார்.

"எங்கம்மா என் வண்டி?"

டாக்டர் செருமினார். கார்டு அண்ணன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாலிடரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தாள்.

"அது ஷெட்டுல இருக்கு ஐயா. நீங்களே கூப்பிடுங்க. ரெண்டு, ஏழு, மூணு, ஆறு. அப்புறம் இந்தப் பச்சைப் பொத்தான்."

நடுங்கும் விரல் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தியது. பச்சைப் பொத்தானை அழுத்தியது.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி.

மலைக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.

டிரைவரய்யாவின் முதுகு நிமிர்ந்தது. சுரங்கத்தின் வளைவுச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் படர்ந்தது. புஸ்... புஸ்... என்று மூச்சு விட்டுக்கொண்டு, ஒரு குலுக்கல் இல்லாமல், 2736 இருட்டிலிருந்து வெளியே வந்தது.

"அது எப்படி வரும்?" என்று ஒரு குரல் அலறியது. "ஏழை நான் அணைச்சிட்டேனே!"

கார்டு அண்ணன்தான். கத்தி முடித்த பிறகே தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்கதான் அண்ணே" என்றாள் சாலிடரக்கா. "மலைக்காரர் பெயின்ட் கலக்கப் போன கால்மணி நேரத்துல அலமாரியைத் திறந்தீங்க. மலை முதுகுக் கதவு வழியா கையை விட்டு உள்ள வெச்சீங்க. பச்சை காயாம இருந்தது அந்த முதுகுப்பக்கம் மட்டும்தான். போர்டை விட்டு நகராதவர் முழங்கைக்கு அது எப்படி வந்தது?"

அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆனா அதை வெச்சு நான் சொல்லல. ஏழாம் சுவிட்சை வெச்சுச் சொல்றேன். எஞ்சினை ஒளிச்சு வெச்சவர், அது தப்பித்தவறி ஓடிடக் கூடாதுன்னு சுவிட்சையும் அணைச்சிருக்கார். டாக்டரும் மலைக்காரரும் அதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. ஏன்னா..." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த போர்டுக்கும் தண்டவாளத்துக்கும் மூணு மாசமா சம்பந்தம் இல்ல அண்ணே. விளக்கு மட்டும்தான் எரியுது. உங்ககிட்ட சொல்ல எங்க யாருக்கும் மனசு வரல. இந்த ஹால்ல அந்த சுவிட்சை நம்பினது நீங்க ஒருத்தர்தான்."

கார்டு அண்ணன் பலகையைப் பார்த்தார். பெரிய உருவம் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது.

"திருடணும்னு எடுக்கல" என்றார். "இன்னிக்கு ஓடாம இருந்தா போதும்னு நெனச்சேன். சாயங்காலம் எடுத்து அந்தச் சிப்பைப் பிடுங்கிட்டு, பழையபடி ஆக்கி வெச்சிடலாம்னு... இது ஒண்ணுதான் என் போர்டுல ஓடுற வண்டியா மிச்சம் இருந்தது. இதுவும் போயிட்டா நான் இங்க எதுக்கு?"

"அதுக்கு என்னை எரிச்சவள்னு சொல்லுவீங்களா?" சாலிடரக்காவுக்கு இப்போதுதான் கோபம் பொங்கி வந்தது. "நாலு ஞாயித்துக்கிழமை அண்ணே! கண்ணு அவிஞ்சு போச்சு! எல்லார் முன்னாலயும் நாடகம்னு சொன்னீங்களே. அதே மாதிரி எல்லார் முன்னாலயும் இப்ப சொல்லுங்க."

அவர் எல்லாரையும் பார்த்தார். "அவ வேலையில ஒரு குத்தமும் இல்ல" என்றார் தெளிவாக. "குத்தம் என்னோடது. மன்னிச்சிடும்மா."

"போர்டு விஷயத்தைச் சொல்லாம மறைச்சது எங்க தப்பு. அதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கறேன். ரெண்டும் ரெண்டு கணக்கு, கழிச்சுக்காதீங்க."

டாக்டர் மேஜைச் சாவியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கார்டு அண்ணன் பலகைக்குப் போனார். முதல் சுவிட்சை அணைத்தார். எஞ்சின் ஓடியது. இரண்டாவதை அணைத்தார். ஓடியது. வரிசையாக ஒவ்வொன்றாக நாற்பத்தொன்றையும் அணைத்தார். ஒவ்வொரு தடவையும் திரும்பி எஞ்சினைப் பார்த்தார். பலகை முழுக்க இருண்டபோது 2736 பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் வந்து, டிரைவரய்யாவின் விரலுக்குக் கட்டுப்பட்டு, நடைமேடை ஓரம் அலுங்காமல் நின்றது.

"அம்மாடி" என்றார் டிரைவரய்யா. "நான் ஓட்டின நிஜ வண்டிகூட இப்படி நின்னதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நேரம் ஒன்றுமே காதில் விழாதவர்போல் இருந்தவர், பலகைப் பக்கம் திரும்பினார். "யோவ் கார்டு! கரி, தண்ணி காட்டாம ஏன்யா உள்ளயே வெச்சே? பசிக்குமே அதுக்கு!"

கார்டு அண்ணன் கோட்டு நுனியால் ஏழாம் விளக்கைத் துடைத்தார்.

12.00. நாத்தனார் கதவைத் திறந்தாள். ஜனங்கள் சளசளவென்று உள்ளே வந்தார்கள். எல்லாரும் பாதையைச் சுற்றி நின்றார்கள். எஞ்சின் மூச்சு விட்டபடி காத்திருந்தது. டிரைவரய்யா பொத்தானைத் தொடவில்லை.

"ஐயா, கிளப்புங்க" என்றாள் சாலிடரக்கா.

"பதினெட்டு வருஷத்துல கார்டு பச்சை காட்டாம நான் வண்டி எடுத்ததில்லம்மா. இப்ப என்ன புதுப் பழக்கம்?"

"என்கிட்ட கொடி இல்ல" என்றார் கார்டு அண்ணன்.

"கொடி எதுக்கு? முழங்கையைக் காட்டுய்யா, போதும்."

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். பிறகு மலைக்காரர். பிறகு சாலிடரக்காவும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். கார்டு அண்ணன் கோட்டைச் சரிசெய்துகொண்டு நேராக நின்று, பச்சை தெரியும்படி கையை உயர்த்தினார். டிரைவரய்யா பொத்தானைத் தொட்டார். வண்டி கிளம்பியது.